மனைத்தோட்டத்திற் பூங்கொடிகள்

பாரி வள்ளல் முல்லைக்கொடிக்குத் தன் தேரை ஈந்த கதையைத் தமிழ் கற்கும் சிறாரும் அறிவர். கொடையின் சிறப்பைக் காட்டவே அக்கதை வகுப்பறைகளில் எடுத்துரைக்கப்படுகின்றது. எனினும், அதனுள்ளே தோட்டக்காரனுக்குரிய அறிவொன்றும் அடங்கியிருப்பதை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. பாகலுக்கு உள்ளன போன்ற சுருளும் இழைகள் முல்லைக்கு இல்லை. மிளகுக்கு உள்ளன போன்ற, மரத்தை ஒட்டிப் பிடிக்கும் வேர்களும் அதற்கில்லை. நீண்டு மெலிந்த கிளைகளை அயலிலுள்ள பொருள்மீது சாய்த்தும், இடைவெளிகளிலே நுழைத்தும் மேலேறும் இயல்பினது அது. அவ்வாறு ஏறுவதற்குச் சட்டங்களும் சந்துகளும் நிறைந்த பொருளே ஏற்றது. ஆரக்கால்களும் குறுக்குமரங்களும் உடைய தேரினும் பொருத்தமான பந்தர் முல்லைக்கு வேறு யாது வேண்டும்? பாரி வழவழப்பான தூண் ஒன்றை நட்டுவிட்டுச் சென்றிருப்பானாயின், கொடி அத்தூணின் அடியிலேயே சோர்ந்து கிடந்திருக்கும்.

எங்கள் பேராதனைப் பகுதியிலே வாயிலில் ஒரு பூங்கொடியேனும் இல்லாத வீட்டைக் காண்டல் அரிது. மண் வளமானது; மழை போதியது; வெப்பமும் மிகையன்று. தடியொன்றை ஊன்றினாலும் தளிர்க்கும் நிலம் எனப் பலரும் கூறுவர். இவ்வளமே கொடி வளர்ப்போரை இரண்டு வகையிலே ஏமாற்றுகின்றது. செடி விற்குமிடத்திற் பூவின் நிறத்தைக் கண்டு மகிழ்ந்து வாங்குவோர், அக்கொடி எவ்வாறு ஏறும் எனக் கேட்பதில்லை. பின்னர்ப் பந்தர் முறிகின்றது, அல்லது கொடி பூவாது நிற்கின்றது. அது தம் வேலிக்குள்ளே அடங்கி நிற்குமோ என்பதையும் அவர்கள் கேட்பதில்லை. இவ்விரண்டாவது வினா முதலாவதினும் பெரிது. அதன் விடையை அறிவதற்கு நாம் வெகுதூரஞ் செல்லவேண்டுவதில்லை. பேராதனையின் வரலாறே அதனைக் கூறும். முதற்கண் ஏறும் வகையினை நோக்குவோம்.

கொடிகளின் ஏற்றத்தை ஆராய்ந்தோருள்ளே தலையாயவர் சார்ல்ஸ் டார்வின். அமெரிக்கத் தாவரவியலாளரான ஏசா கிறே 1858ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரையொன்று அவரது கருத்தை இத்துறையின்பால் ஈர்த்தது. டார்வின் தம் ஆராய்ச்சியை 1865இல் இலினேயக் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். 1875இல் அது தனிநூலாகவும் வந்தது. நோயுற்று அறையை விட்டு வெளியேற முடியாதிருந்த நாட்களிலே, சாடியில் நட்ட ஹொப் கொடியொன்றைத் தம் அருகே வைத்து, அதன் நுனி எவ்வாறு அசைகின்றது என இரவும் பகலும் குறித்து வந்தார். இளந்தண்டின் நுனி எதையோ தேடுவதுபோல் வெளியிலே வட்டமிடுகின்றது. வெப்பமான நாளின் பகலில் ஒரு வட்டத்தை முடிக்க அதற்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடஞ் சென்றது என்பது அவர் கண்ட கணக்கு. அவ்வாறு வட்டமிடும் நுனி ஒரு கோலிற் பட்டதும் அதனைச் சுற்றத் தொடங்குகின்றது. எங்கள் தோட்டத்துச் சங்குபுட்பமும், நீலநிறப் பூக்கள் கொத்தாகத் தொங்கும் துன்பேர்ஜியாவும், ஊதாநிறப் பெத்திரேயாவும் இவ்வாறு தண்டினாற் சுற்றுவன.

சுற்றுக்கொடிகளுட் பெரும்பாலானவை மேலிருந்து நோக்குவார்க்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுற்றுவன. பல நாட்டுக் கொடிகளை எண்ணிப் பார்த்து 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, நூற்றுக்கு 92 அவ்வாறே சுற்றுவதாகக் காட்டிற்று. அவை இத்திசையைத் தேர்வதற்குரிய காரணம் கதிரவன் செலவன்று. நிலநடுக்கோட்டிற்கு வடக்கிலும் தெற்கிலும் அவை ஒருபடித்தாகவே சுற்றுகின்றன. மறுதிசையிற் சுற்றுவனவும் உள. வள்ளிக்கிழங்கு இனத்திலேயே இராசவள்ளி ஒரு திசையிலும், கொடியிற் காய்க்கும் காய்வள்ளி மறுதிசையிலும் சுற்றுதலைக் காணலாம். இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. சரிந்து விழுந்த கொடியை எடுத்துக் கோலிலே சுற்றிவிடுவோர், அதன் திசையறியாது மாற்றிச் சுற்றின், மறுநாள் அது அவிழ்ந்து நிற்பதைக் காண்பர். கொடியின்மேற் பழி கூறுவதிற் பயனில்லை.

தண்டினாற் சுற்றும் கொடிக்குப் பருத்த தூண் உதவாது. தூண் பருக்கப் பருக்க வளைவு விரிகின்றது. விரிந்த வளைவிலே தண்டிற்குப் பிடிமானம் இல்லை. பெருவிரற் பருமனுள்ள மூங்கிற் கோலோ, இறுகக் கட்டிய கம்பியோ போதும். மாளிகைத் தூணில் ஏறவேண்டும் என விரும்புவோர், தூணைச் சுற்றி நாலைந்து கம்பிகளை நெடுக்காகக் கட்டிவிட்டால் கொடி அவற்றிலே ஏறித் தூணை மூடும்.

தந்து எனப்படும் சுருளிழை கொண்டு ஏறுவன வேறுவகை. பாகலும் புடோலும் கொடித்தோடையும் யாவரும் அறிந்தவை. பூங்கொடிகளுள் இளஞ்சிவப்பு நிறத்திற் பூக்கும் அன்டிகோனன் இவ்வினத்தது. அதன் பூங்கொத்தின் நுனியே தந்தாக மாறிப் பற்றுகின்றது. மாணாக்கர் ஒருமுறை பாகற்கொடியின் தந்தை உற்றுநோக்குதல் வேண்டும். நுனி ஒரு கம்பியைப் பற்றிய பின், இடைப்பகுதி வில்லுச்சுருள்போற் சுருளும். ஆனால், அச்சுருளின் ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் இருக்கும்; நடுவே நேரான சிறு துண்டொன்று காணப்படும். இருமுனையும் கட்டுண்ட இழை ஒரே திசையிற் சுருளுமாயின் முறுக்கேறி அறுந்துவிடும். இருதிசையிலும் ஒத்த அளவிற் சுருளுதலால் முறுக்கு ஒன்றையொன்று ஈடுசெய்து ஒழிகின்றது. காற்றடிக்குங்கால் அச்சுருள் நீண்டுகொடுத்துப் பின் சுருங்குவதாற் கொடி அறுவதில்லை. யாழ்ப்பாணத்து வாடைக்காற்றிலும் புடோற்கொடி பந்தரை விட்டு நீங்காதிருப்பதன் மருமம் இதுவே. இவ்வகைக் கொடிக்குக் கோல் பயனற்றது. மெல்லிய கம்பிவலையோ சுள்ளிப்பந்தரோ வேண்டும்.

கார்த்திகைப்பூ எனப்படும் காந்தளோ இன்னும் விந்தையானது. அதற்குத் தனியே தந்து இல்லை; இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுகின்றது. மிளகு வேராற் பற்றும். அதனாலேயே எங்கள் தோட்டங்களில் அதனைச் சொரசொரப்பான முள்முருக்கிலும் சீமைக்கிளுவையிலும் ஏற்றுகின்றோம். போகன்விலா முள்ளினால் தொற்றும். இரங்கூன் மல்லிகையின் இலை உதிர்ந்த பின் காம்பின் அடி கொளுக்கி போல் நின்று தாங்கும். இவை போன்ற சாய்ந்தேறும் கொடிகளை நாமே கட்டிவிடுதல் வேண்டும். கம்பியாற் கட்டுதல் ஆகாது. தண்டு பருக்குங்காற் கம்பி உட்புகுந்து அறுத்துவிடும். தும்புக்கயிற்றை எட்டு என்னும் எண்ணின் வடிவில், ஒரு வளையம் கொடிக்கும் மற்றது கோலுக்குமாக, நெகிழக் கட்டுதலே முறை.

வேராற் பற்றும் கொடிகளை வீட்டுச் சுவரில் ஏறவிடுவது இம்மலைப் பிரதேசத்திலே நல்லதன்று. மழைக்காலத்திற் சுவர் உலர்வதில்லை, சாந்து பெயர்கின்றது. பந்தரையும் சுவரோடு ஒட்டி அமைத்தலாகாது. ஒரு சாண் இடைவெளி விட்டாற் காற்றுப் புகும். வெள்ளையடிப்போர் கையும் புகும். ஓட்டுக்கூரைக்குத் துன்பேர்ஜியாவை ஏற்றியவர்கள் சிலரை யானறிவேன். முதலாண்டிற் கண்கொள்ளாக் காட்சி. மூன்றாமாண்டில் ஓடுகளுக்கிடையே தண்டு நுழைந்து, மழைநீர் அடுக்களைக்குள் வந்தது.

இனிப் பூத்தலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பேராதனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 அடி உயரத்திலுள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீற்றர் மழை பெறுவது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து குடியேறுவோர் போகன்விலாத் துண்டுகளையும் உடன் கொணர்ந்து நடுவதுண்டு. அங்கே இலை தெரியாது பூத்த செடி, இங்கே பூத் தெரியாது இலை விடுகின்றது. உரிமையாளர் பசளையை மேலும் இடுவர். செடி மேலும் இலை விடும். காரணம் எளிது. போகன்விலா பிரேசில் நாட்டுக் கொடி. பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் உலகப் பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் கொமெர்சன் 1767இல் இரியோ டி செனெய்ரோவில் அதனைக் கண்டார். நிறைந்த வெயிலும், இடையிடையே நீரின்மையும் அதற்கு வேண்டும். நீரும் பசளையும் மிகுந்தால் அது வளர்ச்சியிலே நாட்டங்கொள்ளும். சற்று வாடியபின்பே பூக்க முனையும். ஆதலாற் பேராதனையில் அதனைச் சாடியில் நடுதல் நன்று. வேர் நெருங்குவதும் ஈரம் விரைவில் வடிவதும் அதற்கு வறட்சியை ஒத்தனவாம். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் நீரைக் குறைத்து வெயிலில் வைத்தால் நிறைவாகப் பூப்பதைக் காணலாம். நாம் பூவெனக் கருதும் நிறமிகு தாள் போன்ற உறுப்புப் பூவன்று, பூவடியிலை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். மூன்று பூவடியிலைகளின் நடுவே நிற்கும் மூன்று சிறு வெண்குழல்களே பூக்கள்.

சாடி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. சாடியின் கீழ் வைக்கும் தட்டிலே தேங்கும் நீர் டெங்கு நுளம்பிற்குப் பிள்ளைப்பேற்று மனையாகும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. தட்டை அகற்றிவிட்டு இரு செங்கற்களின்மேற் சாடியை வைத்தால் நீரும் வடியும், நுளம்பும் பெருகாது, போகன்விலாவும் மகிழும்.

கிளை வெட்டுதலிற் பலருக்கு அச்சம் உண்டு. போகன்விலா, அலமாண்டா, இரங்கூன் மல்லிகை, முல்லை ஆகியன புதுத்தளிரிலே பூப்பவை; ஆகவே பூத்து முடிந்ததும் துணிந்து வெட்டலாம். வெட்டாதுவிட்டாற் கொடியின் அடி வெறுந்தடியாகி, பூ முழுவதும் அயல் வீட்டாருக்கே உரியதாகும். அலமாண்டாவை வெட்டுவோர் அதன் பால் கண்ணிற் படாது காத்தல் வேண்டும், அது நச்சுப்பால். நடுகைக்கு ஏற்ற காலம் ஐப்பசி மழை தொடங்கும் பருவம். போகன்விலாவுக்குப் பென்சிற் பருமனில் முற்றிய தடியை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, மணல் கலந்த மண்ணிற் சாய்வாக ஊன்றுக. முல்லையும் மல்லிகையும் பதிவைத்தலால் எளிதில் வேர்கொள்ளும்: தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, கணுவொன்றைச் சிறிது கீறி மண்ணுட் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தாற் போதும். சங்குபுட்ப விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து நடுக.

இரங்கூன் மல்லிகையைப் பற்றி ஒரு வார்த்தை. மாலையில் மலரும்போது வெண்மையாயிருக்கும் பூ, அடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகிப் பின் செந்நிறமடையும். வெண்பூவை இரவிலே அந்துப்பூச்சிகள் நாடுகின்றன. நிறம் மாறிய பூவைப் பகலிலே தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடுகின்றன. இதன் பழைய தாவரவியற் பெயராகிய ‘குவிஸ்குவாலிஸ்’ என்பதற்கு இலத்தீனில் ‘யார்? எத்தகையது?’ என்று பொருள். மலாய்ப் பெயரை ஒல்லாந்தச் சொல்லாகக் கொண்டு அதனை இலத்தீனாக்கி உறும்பியசு என்னும் அறிஞர் செய்த சொல்விளையாட்டு அது. தாவரவியலாருக்கும் நகைச்சுவை உண்டு என்பதற்குச் சான்றாக இதனை வகுப்பிற் கூறுவது வழக்கம்.

இதுகாறும் கூறிய கொடிகளுட் பெரும்பாலானவை பிறநாட்டன. அவை இங்கு வந்த வாயில்களுள் முதன்மையானது எங்கள் பேராதனைப் பூங்காவே. 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவர், களுத்துறையிலிருந்த அரச தாவரவியற் பூங்காவை மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் இந்நிலத்திற்கு மாற்றினார். 1824இல் இலங்கைத் தாவரங்களின் அட்டவணையொன்றையும் அவர் வெளியிட்டார். அவருக்குப் பின் கார்டினர், துவைற்சு, திரைமன் ஆகியோர் இங்கிருந்து செய்த பணி உலகறிந்தது. துவைற்சு 1849 முதல் 1880 வரை பொறுப்பிலிருந்தார். திரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரநூல் 1893 முதல் 1900 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் 1896இல் மறைந்தபின் அதனை முடித்துக் கொடுத்தவர் சேர் யோசப் ஹூக்கர். மனைத்தோட்டக்காரருக்கு மிகப் பயன்பட்டவரோ எச். எவ். மக்மில்லன். 1895 முதல் 1925 வரை பேராதனையிற் பணியாற்றிய அவர் 1910இல் வெளியிட்ட வெப்பமண்டலத் தோட்டக்கலைக் கைந்நூல், பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டு ஆசியா, ஆபிரிக்கா எங்குமுள்ள தோட்டக்காரர் கையிற் புழங்கிற்று.

147 ஏக்கர் பரப்புள்ள இப்பூங்கா இலங்கைக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. அதனை நெஞ்சார ஒப்புக்கொண்டே பின்வருவதைக் கூறுகின்றேன். இப்பூங்காவினுள் அழகுக்கென வைக்கப்பட்டவற்றுட் சில வேலி தாண்டின. 1826ஆம் ஆண்டளவிற் பூங்காவின் வழியாக இலங்கைக்கு வந்த நாயுண்ணிச்செடி, தன் பலநிறப் பூக்களாற் கண்டோரை மயக்கிற்று. பறவைகள் அதன் கனியை உண்டு விதையைப் பரப்பின. இன்று அது நாட்டின் வறண்ட பகுதிகளிலும் காடாக மண்டிக்கிடக்கின்றது. உடவளவை போன்ற வனங்களிலே யானைகள் மேயும் புல்வெளியை விழுங்குகின்றது. 1851இற் கொணரப்பட்ட காட்டுச் சூரியகாந்தி கண்டிச் சீமையின் வீதியோரங்களையும் மலைச்சரிவுகளையும் மஞ்சளாக்கிவிட்டது. கண்ணுக்கு இனிதே, அதன் தழை நல்ல பசளை என்பதும் உண்மையே. ஆயினும், அதன் நிழலிலே நாட்டுப் பூண்டுகள் முளைப்பதில்லை. நீரிலே மிதக்கும் ஆகாயத்தாமரையும் ஊதாப்பூவின் அழகிற்காக வந்ததே. அது இந்நாட்டிற் புகுந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1909ஆம் ஆண்டில், அதனை ஒழிப்பதற்கெனத் தனிக் கட்டளைச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 

அக்காலத்து அறிஞர்மீது குறைகூறுதல் என் நோக்கமன்று. ஓரிடத்துச் செடி பிறிதோரிடத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அன்று உலகில் எவரும் நன்கறிந்திலர். இன்று நாம் அறிவோம். அறிந்தும் செய்யின் அது நம்மேலதே.

செடி தன்னளவில் தீயதுமன்று, நல்லதுமன்று என்பதற்கு மாதவிக்கொடியினும் சிறந்த சான்று யான் கண்டிலேன். குருக்கத்தி எனவும் வழங்கும் இக்கொடி இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. வெள்ளிதழ்களின் விளிம்பு நுண்ணிய மயிர்போற் பிளந்திருக்க, ஓரிதழிலே மஞ்சள் தோய்ந்திருக்க, மணங்கமழப் பூப்பது. சிலப்பதிகாரத்து ஆடல்மகள் இதன் பெயரையே தாங்கினாள். இதன் காய்க்கு மூன்று சிறகுகள் உண்டு. காற்றிலே சுழன்று தொலைவிற் சென்று விழும். இங்கு இதனை உண்ணும் பூச்சிகளும் இதனோடு போட்டியிடும் மரங்களும் உள்ளமையால் இது காட்டில் ஒரு கொடியாக அடங்கி நிற்கின்றது. அழகுக்கென மொரிசியசுத் தீவிற்கும் இறீயூனியன் தீவிற்கும் கொண்டுசெல்லப்பட்டபோதோ, மரங்களை மூடி அழிக்கும் கொடும்பகையாயிற்று. உலகின் மிகக் கேடான நூறு அயலினங்களின் பட்டியலிலே, எங்களை வருத்தும் நாயுண்ணிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அருகில் எங்கள் மாதவியும் இடம்பெற்றிருக்கின்றது. எங்களுக்கு அவர்கள் செடி பகை. அவர்களுக்கு எங்கள் செடி பகை. மறுதலையாக, வங்காளத்திலிருந்து வந்த நீலத் துன்பேர்ஜியா அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்தில் ஆற்றோரக் காடுகளை மூடிய கொடி. அங்கே வெட்டி எறிந்த தண்டும் கிழங்கும் வெள்ளத்தோடு சென்று கீழ்க்கரைகளில் முளைத்தன. மகாவலியின் கரையில் வாழ்வோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆயின், எவற்றை நடலாம்? பாரியின் நண்பராகிய கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைத் திறந்தாற் போதும். அதிலே அடுக்கிக் கூறப்படும் மலர்களுள் முதலில் நிற்பது காந்தள். கருவிளையும் குருக்கத்தியும் முல்லையும் அப்பட்டியலில் உள்ளன. கருவிளை என்பதே நாம் சங்குபுட்பம் என்பது. நான்கும் கொடிகள், நான்கும் பேராதனை மண்ணில் நன்கு வளர்வன. கருவிளை அவரையினம் ஆகையால் வேரிலுள்ள முடிச்சுகளாற் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற்குச் சேர்க்கும். அதன் பூ, அவரையினத்துப் பிற பூக்கள் போலாது தலைகீழாக அமைந்திருத்தலை மாணாக்கர் உற்றுநோக்குக. மாதவிக்கு மட்டும் பெரிய இடமும் வலிய பந்தரும் வேண்டும். சிறு வளவிலே அதனை நடுவோர் ஆண்டுதோறும் கத்தியுடன் நிற்கவேண்டிவரும்.

காந்தளைத் தோட்டத்தில் வைப்போர்க்கு எச்சரிக்கை ஒன்று அவசியம். அதன் உடல் முழுவதும், கிழங்கிற் சிறப்பாக, கொல்சிசின் என்னும் நஞ்சு உளது. இந்நஞ்சே அளவோடு பயன்படுத்துங்கால் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகின்றது. அதற்காகவே தமிழ்நாட்டில் இதனைப் பயிர்செய்து விதையை விற்கின்றனர். கிழங்கை வள்ளிக்கிழங்கெனக் கருதி உண்டோர் இலங்கையில் உயிரிழந்திருக்கின்றனர். ஆதலாற் கிழங்குப் பயிர்கள் உள்ள பாத்தியின் அருகே இதனை நடுதலே கூடாது. சிறுவர் மண்கிண்டும் இடத்திலும் நடலாகாது. கிழங்கு கலப்பை வடிவினது. கவையின் நுனியிலேதான் முளை உண்டு. அந்நுனி ஒடிந்தால் கிழங்கு பயனற்றதாகும். இரண்டு மூன்று அங்குல ஆழத்திற் படுக்கையாக வைத்து, நீர் தேங்காத மேட்டில் நடுக. பூத்தபின் கொடி பட்டுப்போகும்; இறந்துவிட்டதென எண்ணித் தோண்டவேண்டா, நீரும் ஊற்றவேண்டா. அடுத்த மழைக்கு அது தானே எழும்.

பிறநாட்டுக் கொடிகளை அறவே விலக்குக என்று யான் கூறவில்லை. சாடிப் போகன்விலாவால் எந்தக் காடும் அழிந்ததாகக் கேட்டிலேன். ஆயினும், ஒரு கொடியை வாங்குமுன் மூன்றைக் கேட்டறிதல் தகும்: பறவை உண்ணும் கனி உடையதா, காற்றிற் பறக்கும் விதை உடையதா, ஒடிந்த துண்டு மண்ணிற் பட்டதும் வேர்விடுவதா. விற்பவர் அறியாவிடினும், சாடியைத் திருப்பிக் கணுக்களை நோக்கினாற் கடைசி வினாவிற்கு விடை கிடைக்கும்.

அக்கடைசி வினாவை நாம் எளிதாக எண்ணுதல் கூடாது. புல்லுக்குப் பதிலாகப் பலரும் பதிக்கும், மஞ்சட்பூப் பூக்கும் வெடேலியா, விதையின்றியே தண்டுத் துண்டுகளாற் பரவி வாய்க்காலோரங்களை மூடுவது. இன்னும் வியப்புக்குரியது ‘மணிபிளாண்ட்’. வீட்டிற்குச் செல்வம் தரும் என நம்பிச் சிறு போத்தலிலே நீரூற்றி வைக்கும் இக்கொடி பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரெயாத் தீவைச் சேர்ந்தது. அது பூப்பது மிகமிக அரிது. ஆதலால் விதையிட்டுப் பரவுவதில்லை. பறவையும் காற்றும் அதனை எங்கும் கொண்டுசெல்வதில்லை. அங்ஙனமிருக்க, கண்டி நகரின் தலதா மாளிகைக்குப் பின்னுள்ள உடவத்தைக்கலைக் காட்டிலே, போத்தலில் உள்ளங்கையளவாயிருந்த இலை முறமளவாக விரிந்து மரங்களில் ஏறியிருக்கின்றது. நிலத்தைப் பாய்போல் மூடி நாட்டு மரக்கன்றுகளை முளைக்கவிடாது தடுக்கின்றது. 1938இற் சரணாலயமாக்கப்பட்ட அக்காட்டினுள் அது எவ்வாறு புகுந்தது? யாரோ கொண்டுசென்று நட்டனர், அல்லது கழித்த துண்டைக் காட்டோரத்திலே எறிந்தனர் என்பதன்றி வேறு வழியில்லை.

ஆகவே, வெட்டிய கொடிகளை ஆற்றிலோ, வீதியோரத்திலோ, அயலிலுள்ள காட்டிலோ எறிதலை ஒழிக்க. மணிபிளாண்ட், வெடேலியா, துன்பேர்ஜியா ஆகியவற்றின் பச்சைத் துண்டுகளை நேரே கூட்டெருக் குழியிலும் இடலாகாது, அங்கேயும் வேர்விடும். சீமெந்துத் தரையிலோ தகரத்தின்மீதோ பரப்பி, கணுக்கள் கறுத்துச் சுருங்கும்வரை வெயிலிற் காயவிட்டு, பின்னர் குழியிலிடுக. மழைக்காலத்தில் வெயில் இல்லையெனில், கறுத்த பொலித்தீன் உறையிலே இறுகக் கட்டி, துண்டுகள் அழுகும்வரை ஒரு மூலையில் வைத்துப் பின் புதைத்தால் அதுவும் போதியது.